அத்தைக்கென்று வைத்த கோழி

யாருக்கு அதிகக் களைப்பு என்று ஒரு போட்டி வைத்தால், அந்த வீட்டில் யாருக்குப் பரிசு கொடுப்பது என்று முடிவு செய்வது கஷ்டம்.

அம்மா ரசோவாவுக்குக் கொடுக்கலாம். கைக்குழந்தை சிகுகுவை முதுகில் கட்டிக்கொண்டு கரும்புத் தோட்டத்தில் நாள் முழுக்கக் களை எடுப்பாள். இரவில் சிகுகு தூங்கமாட்டான். பகலில் நன்றாகத் தூங்குவான், அம்மாவின் முதுகில்.

நமால்வாவுக்கும் கொடுக்கலாம். அவளுக்கு வயது பத்து. ஊற்றிலிருந்து மஞ்சள் கேனில் தண்ணீர் சுமக்க வேண்டும், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மறுபடியும் தண்ணீர், பிறகு விறகு. ஒருநாள் கணக்கு வகுப்பில் தூங்கிவிட்டாள். ஆசிரியர் தோளைத் தட்டியதும், "கேன் நிரம்பிடுச்சு, தூக்கி விடுங்க" என்றாள். வகுப்பே சிரித்து உருண்டது.

தம்பி மசிந்தேவுக்குப் பரிசு கிடைக்காது. ஆறு வயதான அவனுக்குக் களைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. மற்ற எல்லோருடைய களைப்புக்கும் பாதிக் காரணம் அவன்தான்.

அப்பா மொம்பாசாவில் லாரி ஓட்டுகிறார். போனில் பேசும்போது பாதிப் பேச்சு கொட்டாவியிலேயே போய்விடும்.

மழைக்கு முன்னால் ஊருக்குள் வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய் வந்தது. கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. காலையில் சமையல் குடிசையைத் திறந்தால் ஏதாவது ஒன்று விறைத்துக் கிடக்கும். சிவப்புச் சேவலும் போனது. எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சியது ஒரே ஒரு புள்ளிக்கோழி. அது மட்டும் ஒன்றுமே நடக்காதது போல முற்றத்தைக் கிளறிக்கொண்டிருந்தது.

"இது அத்தைக்கு" என்றாள் அம்மா.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, நெரேயா அத்தை. அறுவடை முடிந்ததும் தம்பிமார் வீடுகளுக்கெல்லாம் வரிசையாக வருவார். வந்தவருக்குக் கோழி அறுக்கவில்லை என்றால், அந்தப் பக்கத்தில் அது விருந்தே இல்லை. மேசை நிறைய வேறு எதை வைத்தாலும் சரி, "சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்" என்றுதான் விருந்தாளி போய்ச் சொல்வார். முதலில் கோழியை உயிரோடு கொண்டுவந்து விருந்தாளிக்குக் காட்ட வேண்டும். பிறகுதான் அறுக்க வேண்டும்.

"அம்மா, நம்மகிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான்!" என்றாள் நமால்வா.

"ஒண்ணாவது இருக்கேன்னு சந்தோஷப்படு. இல்லாட்டி என் தலையத்தான் குழம்புல போடணும்."

"இதையும் அறுத்துட்டா அப்புறம் நம்ம வீட்ல கோழியே இருக்காதே."

"இருக்காதுதான்."

"அது அடைக்கு உக்காந்து குஞ்சு பொரிச்சா?"

"அது எங்கடி உக்காருது? முட்டை போடுது, ஊரக் கூட்டுற மாதிரி கத்துது, எங்கயாவது சுத்தப் போயிடுது. உக்காந்தா அப்பப் பாத்துக்கலாம். இப்ப இந்தப் பையனப் பிடி, என் கை செத்துப் போச்சு."

'அப்பப் பாத்துக்கலாம்' என்பது, முடியாது என்று சொல்லக்கூடத் தெம்பில்லாதபோது பெரியவர்கள் சொல்வது. நமால்வாவுக்கு அது தெரியும். ஆனாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சமையல் குடிசையில் விறகுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கூடை உண்டு. புள்ளிக்கோழி அதில்தான் முட்டையிடும். சூடு ஆறுவதற்குள் நமால்வா அதை எடுத்து வேகவைத்து அம்மாவிடம் கொடுப்பாள். பால் கொடுக்கிறவள் முட்டை சாப்பிட வேண்டும் என்று மருந்தகத்து நர்ஸ் சொல்லியிருந்தார். அம்மா பாதியைத் தின்பாள், மீதிப் பாதியை மசிந்தே தின்பான். மசிந்தேவின் பாதி எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நமால்வா குடிசை வாசலில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைய முட்டை ஏற்கெனவே பானைக்குள் போயிருந்தது. புள்ளிக்கோழி முற்றத்திலிருந்து மெல்ல நடந்து வந்தது. கூடையின் விளிம்பில் ஏறி, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

மறுநாளும் அப்படியே வந்து பார்த்துவிட்டுப் போனது.

நமால்வாவுக்குச் சட்டென்று தன் தண்ணீர்ப் பானை ஞாபகம் வந்தது. ஊற்றிலிருந்து சுமந்து வந்து ஊற்றுவாள். பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து பார்த்தால் பானை காலியாக இருக்கும். பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருக்கும்.

"உனக்கும் அப்படித்தானா?" என்று கோழியிடம் கேட்டாள். "போட்டது எதுவுமே இல்லாட்டி எது மேல உக்காருவே?"

முட்டைகளைக் கூடையிலேயே விட்டுவைத்தால் கோழி உட்காரும். அது புரிந்துவிட்டது. ஆனால் அம்மாவின் கண்களுக்குக் கீழே கறுப்பு வளையம் விழுந்திருந்தது. அம்மாவின் முட்டையை நிறுத்த நமால்வாவுக்கு மனம் வரவில்லை.

அவள் குடிசையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் உருளைக்கிழங்குச் சாக்கு இருந்தது. அதில் நீளவாக்கில், வெளுப்பாக, கையடக்கமாக இருந்த ஒரு கிழங்கைத் தேடி எடுத்துக் கழுவித் துடைத்தாள்.

"என்ன பண்றே?" என்று கேட்டபடி மசிந்தே வந்து நின்றான்.

"உஷ். முட்டை வைக்கிறேன்."

"அது கிழங்கு."

"கோழிக்குத் தெரியாது."

மசிந்தே யோசித்தான். "அது மேல உக்காந்தா உள்ள இருந்து என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. சும்மா உக்கார வைக்கத்தான்."

"கிழங்குக் குஞ்சு வருமோன்னு நெனச்சேன்" என்றான் மசிந்தே ஏமாற்றத்தோடு.

அதற்குப் பிறகு நமால்வா கூடையிலிருந்து முட்டையை எடுக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு கிழங்கை வைத்தாள். புள்ளிக்கோழி வந்து எட்டிப் பார்க்கும். இரண்டு கண்ணாலும் பார்க்கும். இப்போதெல்லாம் உடனே இறங்கிப் போவதில்லை. கூடைக்குள் இறங்கி, கிழங்கை அலகால் தன் பக்கம் உருட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கும்.

ஒருநாள் நமால்வா ஊற்றிலிருந்து திரும்பத் தாமதமாகிவிட்டது. வரிசை பெரிது. அம்மா தானே முட்டையை எடுத்து வேகவைக்கப் போனாள். கண் பாதி மூடியிருந்தது. கூடைக்குள் கையை விட்டாள், கைக்கு வந்ததைப் பானையில் போட்டாள், அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு கண் அசந்தாள். பிறகு வெந்ததை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். உரித்துக்கொண்டே இருந்தாள்.

நமால்வா தலையில் கேனோடு உள்ளே வந்தாள்.

"நமால்வா," என்றாள் அம்மா மெதுவாக. "இந்தக் கோழிக்கு ஏதோ வியாதி. ஓடே இல்லாம முட்டை போடுது."

மசிந்தே தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். நமால்வா எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா கையிலிருந்த கிழங்கைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அம்மாவின் தோள்கள் குலுங்கின. அம்மா சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. நமால்வாவுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

"உப்பு எடு," என்றாள் அம்மா. "வெந்தது வெந்துபோச்சு."

நமால்வா அதோடு விடவில்லை. கூடைக்கு எதிரில் ஒரு பழைய சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினாள். புதிதாகக் காய்ந்த புல்லைப் போட்டாள். கூட்டும்போது கூடையை நகர்த்துவதை நிறுத்தினாள். விறகை வேறு மூலைக்கு மாற்றினாள். மசிந்தேவைக் கூப்பிட்டு, குடிசைக்குள் கத்தக் கூடாது என்றாள்.

"பாடலாமா?"

"கூடாது."

"மூச்சு விடலாமா?"

"வெளியில போய் விடு."

ஒரு மாலையில் அவள் கூடைக்குள் கையை விட்டபோது புள்ளிக்கோழி எழுந்திருக்கவில்லை. உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு, இறகைச் சிலிர்த்து, தொண்டைக்குள்ளிருந்து 'கொர்ர்ர்' என்றது. நமால்வா விரலைக் கொஞ்சம் நீட்டினாள். நறுக்கென்று ஒரு கொத்து விழுந்தது.

வலியில் துள்ளிக்கொண்டே அவள் முற்றத்துக்கு ஓடினாள். "அம்மா! கொத்திடுச்சு! அடைக்கு உக்காந்துடுச்சு!"

அம்மா வந்து கோழியின் வயிற்றுக்கடியில் கையை விட்டாள். வயிறு அடுப்பாகச் சுட்டது. அங்கே இறகு உதிர்ந்து வெறும் தோலாக இருந்தது.

"உக்காந்துதான் இருக்கு," என்றாள் அம்மா. பிறகு பெருமூச்சு விட்டாள். "எல்லாம் சரிடி. சேவல் எங்க? சேவல் செத்து எவ்வளவு நாளாச்சு? இனிமே இது போடுற முட்டைல குஞ்சு வராது. அத்தனையும் கூமுட்டைதான் ஆகும்."

நமால்வா இதை யோசிக்கவே இல்லை. கொத்து வாங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு அடுப்பு மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பாடுபட்டு, ஒரு கோழியை உருளைக்கிழங்கின் மேல் உட்கார வைத்ததுதான் மிச்சம்.

மறுநாள் ஊற்றில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் மெட்ரின் அக்கா நின்றார். பக்கத்து வீட்டுக்காரர். வியாதி வந்துபோன பிறகு, சந்தையிலிருந்து பெரிய பெரிய சீமைக் கோழிகளையும் ஒரு கொழுத்த சேவலையும் வாங்கி வந்திருந்தார். அவரிடம் பேச வேறு விஷயம் கிடையாது.

"நாள் தவறாம முட்டை! ஒவ்வொண்ணும் இவ்ளோ பெருசு!" என்று கையால் காட்டினார். கை காட்டிய அளவு பப்பாளிக்குச் சரியாக இருக்கும்.

"குஞ்சு பொரிச்சிருக்கா அக்கா?" என்று கேட்டாள் நமால்வா.

மெட்ரின் அக்காவின் முகம் சுருங்கியது. "அதக் கேக்காதே. ஒண்ணாவது உக்காரணுமே! முட்டையப் போட்டுட்டுத் திரும்பியே பாக்கமாட்டேங்குதுங்க. மகாராணிங்க! ஒருத்திய முட்டை மேல வச்சு கூடையால மூடிப் பாத்தேன். கூடையோட சேந்து முற்றம் பூரா ஓடினா. முட்டை எல்லாம் கூழாப் போச்சு."

நமால்வாவின் களைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அக்கா, எங்ககிட்ட உக்காந்த கோழி இருக்கு. முட்டை இல்ல."

"அப்ப எது மேல உக்காந்திருக்கு?"

"உருளைக்கிழங்கு மேல."

மெட்ரின் அக்கா கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "உங்க வீட்டுக் கோழி உங்க அம்மா மாதிரிதான், என்ன குடுத்தாலும் சுமக்குது! சரி, சொல்லு. என் முட்டை, உன் கோழி. குஞ்சு?"

"பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு."

"ஒத்தப்படையா வந்தா?"

நமால்வா கொஞ்சம் யோசித்தாள். "அது உங்களுக்கு. ஆனா பெரிய முட்டையாப் பாத்துக் குடுக்கணும்."

"அடி கெட்டிக்காரி!" என்றார் மெட்ரின் அக்கா.

அன்று மாலை மங்கிய நேரத்தில், நமால்வா ஒவ்வொரு கிழங்காக உருவி எடுத்து, ஒவ்வொரு முட்டையாக உள்ளே தள்ளினாள். புள்ளிக்கோழி கொர்ரென்றது, ஆனால் எழவில்லை. கடைசி முட்டையைத் தானே அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அது ஒரு நாளைக்கு ஒருமுறைதான் எழுந்தது. அவசரமாகச் சோளம் கொத்தும், தண்ணீர் குடிக்கும், ஓடி வந்து உட்காரும். கொண்டை வெளுத்துப்போனது. உடம்பு இளைத்தது. கண் மட்டும் திறந்தபடியே இருந்தது. நமால்வா தண்ணீர்க் கிண்ணத்தைக் கூடைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அவ்வளவு தூரமாவது அதற்கு மிச்சமாகட்டுமே என்று நினைத்தாள்.

குஞ்சு பொரிக்க இன்னும் நாள் இருந்தது. அப்போதுதான் சாலையில் போன ஒருவர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "ரசோவா! உன் நாத்தனார் நாளைக்கு மதியம் வர்றாங்களாம். சொல்லச் சொன்னாங்க."

அம்மா கையிலிருந்த மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"அம்மா, உக்காந்தா பாத்துக்கலாம்னு சொன்னீங்க," என்றாள் நமால்வா.

"சொன்னேன்." அம்மாவின் குரலில் கோபம் இல்லை, தெம்பும் இல்லை. "இன்னும் கொஞ்சம் நாள் கழிச்சு வருவாங்கன்னு நெனச்சுச் சொன்னேன். நான் என்னடி பண்ணட்டும்? உங்கப்பாவோட அக்கா. உங்கப்பாவும் ஊர்ல இல்ல. கோழி அறுக்காம அனுப்பினா, தம்பி பொண்டாட்டி நாத்தனார மதிக்கலன்னு மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் பேச்சுப் போகும்."

"மெட்ரின் அக்காகிட்ட ஒண்ணு கேக்கலாம்ல?"

"சீமைக் கோழியா? பஞ்சு மாதிரி இருக்கும் அந்தக் கறி. முதல் வாய்லயே கண்டுபிடிச்சிடுவாங்க. ஊரான் வீட்டுக் கோழிய வச்சு ஏமாத்தினோம்னு அதுக்கு வேற தனியாப் பேச்சு."

"அப்ப அந்த முட்டையெல்லாம்? உள்ள குஞ்சு இருக்கும்மா."

அம்மா தோளில் கிடந்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அது வியர்வையைத் துடைப்பது போலத்தான் இருந்தது. ஆனால் ரொம்ப நேரம் துடைத்தாள்.

மறுநாள் மதியம், வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் நெரேயா அத்தை வந்து இறங்கினார். பெரிய உடம்பு. கையில் பெரிய பை. இறங்கும்போதே "ஐயோ அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா ஓடிப்போய்ப் பையை வாங்கினாள்.

"வாங்க அண்ணி, வாங்க. வீட்ல எல்லாரும் சுகமா?"

"சுகம், சுகம். நீ என்ன இப்படித் துரும்பா இருக்கே? இந்தப் பய யாரு, மசிந்தேயா? மரத்துல இருந்து இறங்கச் சொல்லு."

அத்தையை உள்ளே நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நமால்வா ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தை செருப்பைக் கழற்றினார். கால்கள் வீங்கியிருந்தன.

அம்மா வாசலில் நின்று, கண்ணாலேயே நமால்வாவிடம் சொன்னாள்: கோழியைக் கொண்டுவா.

நமால்வா சமையல் குடிசைக்குள் போனாள். அடுப்பின் மேல் பெரிய பானை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. கத்தி தீட்டிக் கல்லின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அவள் சாக்கை விலக்கினாள். புள்ளிக்கோழி அவளைப் பார்த்தது. இந்தமுறை கொர்ரென்று சொல்லவில்லை. பழகியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தூக்கினாளோ, முட்டைகள் ஆறத் தொடங்கிவிடும். தூக்காவிட்டால் அம்மாவின் மானம் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவருக்குக் கஷ்டம். அவள் சாக்கைத் திரும்ப இழுத்துவிட்டு, வெறும் கையோடு வெளியே வந்தாள்.

அம்மா முற்றத்தில் சிகுகுவின் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். நமால்வா வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே அத்தை தனியாக இருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இடுப்புத் துணியின் முடிச்சைத் தளர்த்தினார். நாற்காலியில் சரிந்தார். வயிற்றின் மேல் கையை வைத்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவார் போல இருந்தது.

இந்த முகத்தை நமால்வாவுக்குத் தெரியும். தினமும் அம்மாவிடம் பார்க்கிறாளே!

"அத்தை," என்றாள் அவள். "உங்களுக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு?"

சரியாக அந்த நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

விருந்தாளியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால், கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். இது மசிந்தேவுக்குக்கூடத் தெரியும். அவனே ஜன்னலுக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டான்.

"நமால்வா!" என்றாள் அம்மா. "அண்ணி, மன்னிச்சிடுங்க. சின்னப் பொண்ணு, தெரியாம..."

அத்தை கையை உயர்த்தினார்.

"இரு ரசோவா. இரு." அவர் நமால்வாவையே பார்த்தார். "நான் கெளம்பி எவ்ளோ நாளாச்சு! இத்தன வீடு ஏறி இறங்கிட்டேன். ஒருத்தராவது இதக் கேட்டாங்களா? பெரிய தம்பி வீட்ல கோழி. அவன் பையன் வீட்ல கோழி. நடுத் தம்பி வீட்ல காலையிலயும் கோழி, சாயங்காலமும் கோழி. திங்காட்டி கோவிச்சுக்குவாங்களேன்னு திங்கிறேன். என் கனவுல கூட கொக்கரிக்குது! வயிறு என் வயிறு மாதிரியே இல்லம்மா."

அம்மா சிகுகுவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"பாலு விட்டுக் கடைஞ்ச வேளைக்கீரை," என்றார் அத்தை. "கசக்கக் கசக்க. கொஞ்சம் கேழ்வரகுக் களி. அப்புறம் ஒரு பாய். யாரும் பேசாம, யாரும் எழுப்பாம. அவ்ளோதான் எனக்கு வேணும்."

"எங்க தோட்டத்துல வேளைக்கீரை நிறைய இருக்கு அத்தை!" என்றாள் நமால்வா.

"அய்யோ அண்ணி," என்றாள் அம்மா. "கீரைய வச்சு உங்கள அனுப்பினேன்னு வெளிய தெரிஞ்சா..."

அத்தை யோசித்தார். அதுவும் உண்மைதான். ஊர் வாயை மூட முடியாது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்குன்னு ஒரு கோழி வச்சிருப்பீங்கள்ல? எங்க அது?"

அம்மா நமால்வாவைப் பார்த்தாள். வேறு வழியில்லை. நமால்வா அத்தையின் கையைப் பிடித்துச் சமையல் குடிசைக்குக் கூட்டிப் போனாள். சாக்கை விலக்கிக் காட்டினாள்.

"இதுதான் அத்தை உங்க கோழி. இங்கயே பாத்துக்கோங்க. தூக்கிட்டு வந்தா முட்டை ஆறிடும். அதான் தூக்கிட்டு வரல."

அத்தை முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். வெளுத்த கொண்டையையும், எலும்பு தெரிந்த முதுகையும், அசையாத கண்ணையும் பார்த்தார். விரலை நீட்டினார். நறுக்! ஒரு கொத்து விழுந்தது.

"அம்மாடி!" என்று கத்திவிட்டு, அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாசலில் நின்ற அம்மாவிடம் திரும்பி, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"ரசோவா, கோழியக் காட்டிட்டே. நான் பாத்துட்டேன். எனக்குக் குடுத்தாச்சு, நான் வாங்கியாச்சு. இனிமே இது என் கோழி. என் கோழிய நான் சொல்லாம எவனாவது தொட்டான், அவன் என்கிட்ட பதில் சொல்லணும்! யாராவது கேட்டா சொல்லு. நெரேயாவுக்கு ஒரு கோழி குடுத்தேன், அவ அத என் வீட்லயே வளக்கச் சொல்லிட்டான்னு."

அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். இப்போது முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"அழாதே. கத்திய எடு," என்றார் அத்தை. "கீரை அரியணும்ல?"

நமால்வா கீரை பறித்தாள். அம்மா கடைந்தாள். அத்தை இரண்டு தட்டுக் களி சாப்பிட்டு, விரலை நக்கி, "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார். பிறகு சிகுகுவை வாங்கித் தன் அகலமான வயிற்றின் மேல் படுக்க வைத்துக்கொண்டார். "நீயும் படு" என்று அம்மாவையும் அதட்டினார். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் தூங்கிப்போனார்கள். மசிந்தே வாசலில் காவல் உட்கார்ந்தான். மூச்சை மட்டும் வெளியே போய் விட்டுவிட்டு வந்தான்.

அத்தை ஊருக்குப் போன பிறகும் புள்ளிக்கோழி உட்கார்ந்தே இருந்தது.

ஒரு காலையில் நமால்வா கேனோடு கிளம்பும்போது, சாக்குக்குப் பின்னால் மெலிதாக 'கீச்' என்று கேட்டது. கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கோழியின் இறகுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. ஒரு முட்டையின் ஓட்டில் சின்ன ஓட்டை விழுந்து, அதற்குள்ளிருந்து ஒரு அலகு தட்டிக்கொண்டிருந்தது.

மெட்ரின் அக்கா வேலி தாண்டி ஓடி வந்தார். "என் மகாராணிங்க புள்ளைங்களா இது! பாரேன் காலை, எவ்ளோ தடி!" எல்லாக் குஞ்சும் தன் கோழியைப் போலவே இருப்பதாகச் சொன்னார். புள்ளிக்கோழி அவரையும் ஒரு கொத்து கொத்தியது.

நமால்வா கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஈரம் காய்ந்த ஒரு குஞ்சு கூடையிலிருந்து தவறி விழுந்து, தட்டுத்தடுமாறி வந்து, அவள் பாவாடையின் மடிப்புக்குள் புகுந்தது. அங்கேயே சுருண்டு கண்ணை மூடிக்கொண்டது.

அப்போதுதான் தண்ணீர் ஞாபகம் வந்தது. பானை காலி. பள்ளிக்கூட நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. குஞ்சைத் தூக்கிவிட்டு எழலாம் என்று கையை நீட்டினாள்.

"எழுந்திரிக்காதே," என்றாள் அம்மா. கீழே கிடந்த மஞ்சள் கேனை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். "தூங்குது பாரு. நீ உக்காரு. தண்ணிக்கு நான் போறேன்."

அம்மா போய்விட்டாள். நமால்வா மடியில் குஞ்சோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.